பொன்னுருக்கின பிறகு ஒரு சனிக்கிழமை

தம்பி ராசா,

நீ மேல உன்ர அறையில இருக்கிறாய். நான் கீழ குசினி மேசையில இருந்து உனக்குக் கடிதம் எழுதிறன். ஆரும் கேட்டால் சிரிப்பினம். படி ஏறி வந்தால் முகத்துக்கு முகம் கதைக்கலாம்தான். ஆனால் என்ர வாய் உனக்குத் தெரியும். திறந்தால் முதல் வாறது ஏச்சு, அதுக்குப் பிறகு அழுகை, சொல்ல வந்த விசயம் கடைசி வரைக்கும் வராது. ஊரில நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீ, தமிழ் வடிவாய் வாசிப்பாய். விளங்காத இடம் இருந்தால் அப்பாட்டைக் கேள். அவர் இப்ப ஹோல்காரனோட வாழைமரம் கட்டுற விசயம் கதைக்கப் போயிருக்கிறார். அவர் வரமுந்தி எழுதி முடிக்கவேணும், இல்லாட்டி தோளுக்கு மேலால எட்டிப் பாத்துக்கொண்டு நிப்பார்.

நாளையிண்டைக்கு உனக்குக் கல்யாணம். புதன்கிழமை இந்த வீட்டில பொன்னுருக்கியாச்சு. இல்ஃபோர்டில இருந்து பத்தர் வந்து, தாலிக்குரிய பவுணை இந்தக் குசினியில உருக்கேக்க புகை மணி கத்தத் தொடங்கி, அப்பா கதிரையில ஏறி நிண்டு துவாயால விசுக்கினார். கன்னிக்கால் நட முள்முருக்கந்தடிக்கு இந்தக் குளிருக்க எங்க போறது எண்டு, பெயின்ற் வாளிக்குள்ள மண்ணைப் போட்டுப் பின் வளவில கிடந்த ஒரு கொப்பை நட்டனாங்கள். வந்த சனம் எல்லாம் சிரிச்சுது. நான் சிரிக்கேல்லை. பொன்னுருக்கினால் பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாசல்படி தாண்டுறேல்லை, ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறேல்லை. தாலி ஏறுமட்டும் அவரவர் வீட்டுக்குள்ளதான். நாட்டை விட்டாச்சு, வீட்டை விட்டாச்சு, இதையாவது ஒழுங்காய்ச் செய்வம் எண்டு நான்தான் பிடிவாதமாய் நிண்டனான். நீயும் ஓம் எண்டனீ. அப்ப நாளைக்கு மாட்ச் இருக்கேல்லை. போன மாசம் மைதானம் உறைஞ்சு தள்ளிவைச்ச மாட்ச்தான் நாளைக்கு வந்து விழுந்திருக்கு. அதைக் கேள்விப்பட்டும் நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ‘நான் வரமாட்டன்’ எண்டு கிளப்காரருக்குப் போனில சொல்லிப்போட்டு வந்து, பலகாரத்தட்டில இருந்து ஒரு பயத்தம்பணியாரத்தை எடுத்துக் கடிச்சாய். எனக்கு அப்பவே மனசு சரியில்லை.

இந்தக் கண்டறியாத விளையாட்டு எங்கட வீட்டுக்குள்ள எப்பிடி வந்தது எண்டு நாளைக்கு உன்ர பிள்ளையள் கேட்டால் நீ பெரிசாய் ஏதும் சொல்லுவாய். நடந்தது இதுதான். எண்பத்திமூண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருசம் நானும் நீயும் லண்டனில வந்து இறங்கினம். அப்பா எங்களுக்கு முந்தி வந்தவர்தான், ஆனால் அந்த மனிசன் பெற்றோல் ஸ்டேசனில ஷிப்ட் ஷிப்டாய் நிண்டதே ஒழிய, வெளியில ஆர் எந்தக் காலத்தில என்ன விளையாடினம் எண்டு கண்டவரே? பெடியன் பள்ளிக்கூடத்தால வந்தால் ரீவிக்கு முன்னால குந்திக்கொண்டு ஊதிப்போறான், கிரிக்கெட்டில சேர்த்துவிடுங்கோ எண்டு நான் ஆக்கினை குடுத்தனான். ரெயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில கிரிக்கெட் கிளப் இருக்கெண்டு ஆரோ சொல்லியிருக்கினம். எங்கட ஊரில கிரிக்கெட் தையில தொடங்கிப் பங்குனியில முடியும். இஞ்சை அது வெயில் காலத்து விளையாட்டு, செப்டெம்பரோட மூட்டை கட்டிப்போடுவாங்கள் எண்டு அவருக்கு ஆர் சொன்னது? நான் தைச்ச வெள்ளைக் களிசானும் வெள்ளைச் சேட்டும் போட்டு, தலையைப் படிய இழுத்து, ஒக்டோபரில ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்க நிண்டது றக்பிக்காரர்.

டெரெக்கை அண்டைக்குத்தான் அப்பா முதல் கண்டவர். குழாய் வேலை செய்யிற மனிசன், அப்ப முப்பது வயசிருக்கும், காது ரெண்டும் நசிஞ்ச வடை மாதிரி. உருண்டு திரண்டு நிண்ட உன்னைப் பாத்து, ‘இவனைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தனாங்கள்’ எண்டாராம். அப்பாவுக்கு இங்கிலிசில வேண்டாம் எண்டு மரியாதையாய்ச் சொல்லத் தெரியேல்லை. மத்தியானம் நீ வீட்டை வந்து நிண்ட கோலத்தைப் பாத்து, ஆரோ உங்களை அடிச்சுப்போட்டாங்கள் எண்டு நான் குழறினனான். வெள்ளைக் களிசான் எண்டு சொல்ல அதில ஒரு இடமில்லை. நீ பல்லெல்லாம் சேறாய்ச் சிரிச்சுக்கொண்டு, ‘அம்மா, அடுத்த கிழமையும் போகலாமோ?’ எண்டு கேட்டாய். இந்த நாட்டுக்கு வந்து நீ வாய் திறந்து கேட்ட முதல் விசயம் அதுதான். நான் என்னெண்டு மறிக்கிறது?

அந்தக் கிளப்பின்ர சரித்திரத்தை நான் ஆசைப்பட்டுப் படிக்கேல்லை. உனக்காகக் காத்துக்கொண்டு அந்தக் கட்டிடத்துக்குள்ள நிண்டு நிண்டு, சுவரில தொங்கினதெல்லாம் பாடமாய்ப் போச்சு. முதலாம் யுத்தம் முடிஞ்சு வந்த பழைய மாணவர் கொஞ்சப்பேர் தொடங்கினது. அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவை மட்டும்தான் விளையாடலாம் எண்டொரு சட்டம் கனகாலம் இருந்ததாம். பிறகு பள்ளிக்கூடமே மாறி, அங்க றக்பியை நிப்பாட்டிப்போட, வேற வழியில்லாமல் எல்லாருக்கும் கதவைத் திறந்தவை. சுவர் முழுக்கப் படங்கள், மீசைக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவையும். நீ சேர்ந்த காலத்தில அஞ்சு ரீம். வங்கியில வேலை செய்யிறவை, பொலிஸ்காரர், வாத்திமார், கார் தொழிற்சாலைக்காரர். விளையாட்டு முடிஞ்ச உடனே வெண்டவை ரெண்டு பக்கமும் வரிசையாய் நிண்டு தோத்தவைக்குக் கைதட்டி வழி விடுறதும், பிறகு வந்தவைக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடுறதும் எனக்குப் பிடிச்சது. அடிபடுறதை அடிபட்டுப்போட்டு ஒண்டாயிருந்து சாப்பிடுறாங்கள், எங்கட சனம் கோயில் சபைத் தேர்தல் முடிஞ்சால் பத்து வருசம் கதைக்காது எண்டு நான் அப்பாட்டைச் சொல்லுறனான்.

பிறகு மெல்ல மெல்லத் தேய்ஞ்சுது. வசதி வந்தவை வீட்டை வித்துப்போட்டு எசெக்ஸ் பக்கம் உள்ளுக்குப் போச்சினம். கடைவேலை செய்யிற பெடியளுக்குச் சனிக்கிழமை லீவில்லை. இந்த விளையாட்டுக்குச் சம்பளம் குடுக்கத் தொடங்கின பிறகு, கொஞ்சம் கெட்டிக்காரனாய் ஒருத்தன் வந்தாலும் பெரிய கிளப் கொத்திக்கொண்டு போகுது. அஞ்சு ரீம் மூண்டாய், மூண்டு ரெண்டாய், இப்ப ஒரு ரீமுக்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு வீடாய்ப் போன் அடிக்கவேண்டிக் கிடக்கு. இடையில கொஞ்சக் காலம் கிளப்பைத் தூக்கி நிறுத்தினது எங்கட சனம்தான் எண்டதை ஒருத்தரும் மறக்கக்கூடாது. ஹோல் மலிவு, கார் நிப்பாட்ட இடமிருக்கு எண்டு அப்பா ஒரு ஆளுக்குச் சொல்லப்போக, பிளேஸ்டோவில இருந்தெல்லாம் சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் வந்து எடுத்தவை. ஒரு கதவால சேத்தோட பெடியள் குளிக்க ஓட, மற்றக் கதவால காஞ்சிபுரம் உடுத்த சனம் பன்னீர்ச்செம்போட உள்ளிடும். டெரெக் ஆட்டுக்கறிக்கும் ரோல்ஸுக்கும் அப்பிடி அடிமையாகினது அப்பதான்.

நீ பதினேழு வயசில விழுந்ததையும் எழுதிப்போடுறன். அண்டைக்கு உன்னை ரியூசனுக்கு ஏத்திக்கொண்டு போக வந்தனான். மழை. மைதானத்தில விளையாட்டு நடக்கேல்லை, எல்லாரும் வட்டமாய் நிக்கினம். கிட்டப் போனால் நடுவில நீ கிடக்கிறாய். டெரெக் சேத்தில குப்புறப் படுத்து, ரெண்டு முழங்கையையும் ஊண்டி, உன்ர தலையை ரெண்டு கையாலையும் அசையாமல் பிடிச்சுக்கொண்டிருக்கிறார். நான் குழறிக்கொண்டு ஓடி வர, ‘ஒருத்தரும் தொடவேண்டாம்! அம்மாவும் தொடவேண்டாம்!’ எண்டு கத்தினார். அம்புலன்ஸ் வருமட்டும் அந்த மனிசன் அசையேல்லை. மழைத்தண்ணி அவற்ற வாய்க்குள்ளயும் மூக்குக்குள்ளயும் போகுது, அவர் உன்னோட ஏதோ பகிடி சொல்லிக்கொண்டே இருக்கிறார். முருகா, அந்த நேரம் நான் வைக்காத நேத்தி இல்லை. பிறகு பாத்தால் எலும்புக்கு ஒண்டுமில்லை, சதைப்பிடிப்புத்தான் எண்டு டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில வைச்சு நான் டெரெக்கைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டனான், என்ர பிள்ளையை என்ன செய்தனீங்கள் எண்டு.

அப்பதான் அவர் அந்த ஸ்க்ரம் எண்டதை எனக்கு விளங்கப்படுத்தினார். எட்டுப்பேர் ஒருபக்கம், எட்டுப்பேர் மற்றப்பக்கம், குனிஞ்சு தலையைக் குடுத்து முட்டித் தள்ளுறது. முன்வரிசையில மூண்டு பேர். அதில நீ நடு. ரெண்டு பக்கமும் நிக்கிற தடியன்களின்ர தோளுக்கு மேலால உன்ர ரெண்டு கையும் போயிருக்கும். விழுந்தால் நிலத்தில ஊண்ட உனக்குக் கை இல்லை. பக்கத்தில நிக்கிறவைதான் உன்னைத் தாங்கவேணும், நீயும் எப்பிடிக் குனியிறது, எப்ப விடுறது எண்டு வருசக்கணக்காய்ப் பழகியிருக்கவேணும். ‘பழகாத ஆளை அந்த இடத்தில விட்டால் கழுத்து முறியும். உங்கட மகன் பழகினவன், அதாலதான் தப்பினவன்’ எண்டார். இனி இந்த விளையாட்டு வேண்டாம் எண்டு சொன்னனான், இப்பவும் அது சரியெண்டுதான் சொல்லுவன். நீ மறுபேச்சுப் பேசேல்லை. ஒரு வருசம் ஞாயிற்றுக்கிழமையில சன்னலடியில புத்தகத்தோட இருந்தாய், ஒரு பக்கம் புரட்டினதாய்த் தெரியேல்லை. கடைசியில ‘போய்த் துலை!’ எண்டு நானே அனுப்பினனான்.

உன்னட்டை எனக்குப் பிடிக்காத குணம் இதுதான் தம்பி. கேக்கமாட்டாய். வேணும் எண்டதை வாய்விட்டுச் சொல்லமாட்டாய். மற்றவை கண்டுபிடிக்கவேணும் எண்டு முகத்தை வைச்சுக்கொண்டு இருப்பாய். பாக்கிற சனம் ‘எவ்வளவு அடக்கமான பிள்ளை’ எண்டு சொல்லும். அடக்கம் இல்லை, விசர் வேலை. நான் உன்னைப் பெத்தனான், உன்ர முகத்தைப் படிக்க எனக்கு இருபத்தைஞ்சு வருசம் கிடைச்சுது. உனக்குப் பொம்பிளையாய் வாற வதனி பாவம், அவளுக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை. பல் டொக்டர் வேலையில பகல் முழுக்க ஆற்றையும் பல்லுக்குள்ள எட்டிப் பாத்துப்போட்டு வாறவள், பின்னேரம் உன்ர மனசுக்குள்ளயும் எட்டிப் பாக்கவேணுமோ? பசிச்சால் பசிக்குது எண்டு சொல்லு. கோவம் வந்தால் கோவம் எண்டு சொல்லு. அப்பாவும் இப்பிடித்தான், வாய் திறக்கிறேல்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்த வீட்டில நான் ஒருத்திதான் கதைச்சுக் களைச்சுப்போனன்.

சரி, நேற்றைய கதைக்கு வாறன். டெரெக் நேற்றுப் பின்னேரம் வந்தவர். உன்னைக் கூப்பிடவேண்டாம் எண்டார். கல்யாணப் பரிசெண்டு ஒரு பெட்டியைத் தந்துபோட்டு, வாசல்லயே நிண்டார். நான்தான் தேத்தண்ணி குடுத்து இருத்தினனான். தலை முழுக்க நரைச்சுப் போச்சு, இந்த வயசிலயும் நாளைக்கு உன்ர பக்கத்து இடத்தில அவர்தானாம் நிக்கப்போறார், வேற ஆளில்லை. ஏற்கனவே ஒருக்கால் ஆள் காணாமல் மாட்ச் குடுக்காமல் விட்டாச்சு, நாளைக்கும் விட்டால் லீக்கில இருந்து எடுத்துப்போடுவினம், பிறகு கிளப்பை மூடிப்போட்டு மிச்சமிருக்கிறவை வேற கிளப்புக்குப் பின்னால போகவேண்டியதுதான் எண்டார். ‘அப்ப சனிக்கிழமை என்ன செய்யப்போறீங்கள்?’ எண்டு கேட்டன். ‘சமாளிப்பம். ஒரு பெடியன் இருக்கிறான். நீங்கள் கல்யாணத்தைப் பாருங்கோ’ எண்டார். என்ர முகத்தைப் பாக்கேல்லை. ரோல்ஸ் வைச்சன், தொடேல்லை. அப்பவே எனக்கு விளங்கியிருக்கவேணும்.

இண்டைக்குக் காலமை பிறஷர் குளிசை எடுக்கக் கெமிஸ்றுக்குப் போனன். அங்க கவுண்டரில நிக்கிற லொறேன், கெவினின்ர அம்மா, உனக்குத் தெரியும்தானே. என்னைக் கண்டதும் அவவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ‘கல்யாண வாழ்த்துக்கள்! எங்களுக்கும் நல்ல செய்தி. நாளைக்குக் கெவினை ரீமில எடுத்திருக்கினம், உங்கட மகன்ர இடத்தில’ எண்டா. ‘எந்த இடத்தில?’ எண்டு கேட்டன். ‘நடுவிலயாம். இவ்வளவு நாளும் ஓரத்தில ஓடிக்கொண்டு நிண்டவன், இப்ப முன்வரிசை! ராத்திரி முழுக்க அவனுக்கு நித்திரை இல்லை. நான் புதுச் சப்பாத்து வாங்கிக் குடுத்தனான்’ எண்டு சொல்லுறா அந்த மனிசி. கெவின் ஆர்? பத்தொன்பது வயசு, ஈர்க்கில் மாதிரிப் பெடியன், ஓட மட்டும்தான் தெரியும். பழகாதவனை முன்வரிசையில நிக்க விடமாட்டினம், அதால அவனுக்குப் பழக்கம் இருக்கெண்டு ரெஃபரிக்குப் பொய் சொல்லப்போறாங்கள். அவவுக்கு அந்த இடம் என்னெண்டு தெரியாது. எனக்குத் தெரியும். குளிசையை எடுத்துக்கொண்டு ‘நல்லது’ எண்டு சொல்லிப்போட்டு வந்தன் எண்டு நினைக்கிறன். வீடு மட்டும் எப்பிடி நடந்து வந்தனான் எண்டு தெரியேல்லை.

வந்த உடனே டெரெக்குக்குப் போன் எடுத்து ஏசினன். இங்கிலிசில ஏசத் தொடங்கித் தமிழில முடிச்சன். ‘அண்டைக்குச் சேத்தில படுத்திருந்த நீரோ இண்டைக்கு இந்த வேலை பாக்கிறீர்?’ எண்டு கேட்டன். ‘நான் அவனைத் தாங்கிப் பிடிப்பன். எழுபது வருசத்துக்கு மேல ஓடின கிளப், என்ர காலத்தில சாகவேணுமோ?’ எண்டார். அழுகிறார் போலயும் கிடந்தது. ‘நீங்கள் தாங்கினால் காணுமோ? எதிர்ப்பக்கத்து எட்டுப்பேரையும் நீங்களோ தாங்கப்போறீங்கள்?’ எண்டன். ‘இது என்ர மகனுக்குத் தெரியுமோ?’ எண்டு கேக்க, ‘நேற்றுக் காலமையே போனில சொன்னனான். வேண்டாம், மாட்சை விடுங்கோ எண்டு சொன்னவன். நான் கேக்கேல்லை’ எண்டார்.

அப்ப உனக்குத் தெரியும். நேற்றும் இண்டைக்கும் நீ சாப்பிடாமல் இருந்தது அதுக்குத்தான், கல்யாணப் பதட்டம் எண்டு நான் நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு திரியிறன். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அதே நேரம், ராசா, உன்னை நினைக்கப் பெருமையாயும் இருந்துது, அதையும் சொல்லிப்போடுறன். கெவினைக் காட்டி என்னை இளக்கலாம் எண்டு உனக்குத் தோன்றேல்லை. அம்மாவுக்குக் குடுத்த வாக்கு எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். ஆனால் ஒரு பெடியன்ர கழுத்து விசயத்தில வாயை மூடுறது மரியாதை இல்லையடா விசரா. என்னோட சண்டை பிடிச்சிருக்கவேணும். பேணியைத் தூக்கி எறிஞ்சாவது சொல்லியிருக்கவேணும். இனி ஒரு நாளும் இப்பிடிச் செய்யாதை, வதனியோட செய்யவே செய்யாதை.

நாளைக்கு நீ போ. நான்தான் வாசல்படி தாண்டக்கூடாது எண்டனான், நானே சொல்லுறன், போ. ஐயரைக் கேட்டன். ‘அது நீங்கள் பாக்கிற வழக்கம் அம்மா, எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை நேரத்துக்கு மணவறையில இருந்தால் காணும்’ எண்டார். ஸ்ட்ரெதமுக்கும் போன் எடுத்துச் சம்பந்தியம்மாவுக்குச் சொன்னன். ‘பொன்னுருக்கின மாப்பிள்ளையைச் சேத்துக்குள்ள விடுற தாயை நான் இப்பதான் கேள்விப்படுறன்’ எண்டு சொல்லிப் போனை வைச்சுப்போட்டா. அவ சொன்னதில பிழையில்லை, அவவின்ர இடத்தில நான் இருந்தால் இன்னும் ரெண்டு சொல்லுக் கூடச் சொல்லியிருப்பன். பிறகு வதனி தானாய் எடுத்தாள். ‘மாமி, வாய்க்கு ரப்பர் போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லுங்கோ, நான் முன்பல்லோடதான் படம் எடுப்பன்’ எண்டாள். நல்ல பிள்ளை. நீங்கள் ரெண்டு பேரும் நல்லாய் இருப்பியள்.

நான் பயப்படேல்லை எண்டு நினைக்காதை. உனக்கு ஏதும் நடந்தால் நான் என்னத்துக்கு உயிரோட இருக்கப்போறன்? பொன்னுருக்கின வீட்டில இப்பிடி எழுதக்கூடாது, ஆனால் அதுதான் உண்மை. அப்பாவும் நானும் வந்து ஓரத்தில நிப்பம். நீ பழகினவன். உன்னைத் தாங்கவும் தெரிஞ்ச ஆள் பக்கத்தில நிக்கும். கெவினுக்குப் பக்கத்திலயும் டெரெக் நிப்பார்தான், ஆனால் அவனுக்குப் பழக்கம் இல்லை. நான் அந்த மனிசியின்ர முகத்தைப் பாத்துப்போட்டு வந்து இஞ்சை உன்னை அறைக்குள்ள வைச்சுப் பலகாரம் தர ஏலாது.

லொறேனுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். நாளைக்கு அவ தெரிஞ்ச ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவா. கெவின் புதுச் சப்பாத்தோட வெளியில நிப்பான், நீ அவன்ர இடத்துக்கு இறங்குவாய். கல்யாணத்துக்கு முதல்நாள் கூட என்ர பிள்ளைக்கு ஒரு இடம் விட மனமில்லையே உங்களுக்கு எண்டு அவ என்னோட கோவிப்பா. கோவிக்கட்டும். எவ்வளவு காலத்துக்கெண்டாலும் கோவிக்கட்டும். நான் ஒண்டும் கதையாமல் அவவுக்குப் பக்கத்தில நிப்பன்.

அம்மா